பருப்புக்கீரையும் அதனை ஒத்த செடிகளும்

தம்பானூரில் தொடர்வண்டிப் பாதையின் ஜல்லிக் கற்களுக்கு இடையிலும், நடைபாதை வெடிப்புகளிலும், மதிலோரங்களிலும், மழை விட்ட சில நாள்களில் தரையோடு தரையாகப் பரவும் சிறு செடிகளைக் காணலாம். இலை தடித்திருக்கும், நசுக்கினால் நீர் கசியும். பார்வைக்கு எல்லாம் ஒன்றே எனத் தோன்றும். ஆயினும் அவற்றுள் ஒன்று நம் அடுக்களையில் பருப்புடன் வேகும் கீரை. மற்றொன்று அதற்குத் தங்கை முறை. இன்னொன்று உறவே இன்றி உருவத்தால் மட்டும் ஒத்தது. கீரை பறிப்போர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலிற் செய்யத்தக்க சோதனை, தண்டை ஒடித்துப் பார்த்தலே. வெண்ணிறப் பால் வடிந்தால் அது கீரையன்று. அம்மான் பச்சரிசியின் இனத்தைச் சேர்ந்த படர்செடி. அப்பால் தோலையும் கண்ணையும் உறுத்தும். பருப்புக்கீரையில் வடிவது நிறமற்ற நீரே.

பருப்புக்கீரையின் தண்டு வழவழப்பானது. பெரும்பாலும் செம்மை படர்ந்தது. இலைகள் கரண்டி வடிவின. கிளை நுனியில் கொத்தாக நிற்பவை. பூ மஞ்சள் நிறமுடையது. இதழ்கள் பெரும்பாலும் ஐந்து. வெயில் ஏறிய முற்பகலில் சில மணி நேரமே மலர்ந்திருக்கும். காய் முற்றியதும் அதன் மேற்பாதி மூடிபோல் கழன்று விழ, உள்ளே கடுகினும் சிறிய கருவிதைகள் தெரியும். வறட்சிக் காலத்தில் இச்செடி இரவில் கரியமில வாயுவை உட்கொண்டு அமிலமாகச் சேமித்து வைக்கும். ஆதலால் அப்போது விடியற்காலையில் பறித்த இலையில் புளிப்பு மிகும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் இதற்குப் போர்ட்டுலாக்கா ஒலிரேசியா எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி 'கறிக்கு உதவுவது' என்னும் பொருளுடையது.

ஊர்ப்பெயர்களோ நம்மைக் குழப்புவன. தமிழ்நாட்டில் பருப்புக்கீரை, கோழிக்கீரை என வழங்குவதை இங்கே மலையாளத்தில் கொழுப்பா என்பர். உப்புச்சீர என்பாரும் உளர். பசலை என்னும் சொல் இன்னும் இடர் தருவது. பந்தலில் ஏறும் கொடிப்பசலை வேறு. சந்தையில் பசலை என விற்கப்படும் பாலக்கு வேறு. நாம் அடுத்துக் காணவிருக்கும் சிறுபசலை வேறு. தலைவியின் மேனியில் படர்வதாக இலக்கியம் கூறும் பசலையை இக்கணக்கில் சேர்க்க வேண்டா!

தரைப்பசலை எனவும் வழங்கும் சிறுபசலைதான் முன்னர்க் கூறிய தங்கை. இதன் இலைகள் மிகச் சிறியவை. கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்தவை. கணுதோறும் வெண்மயிர் வளையம்போல் சூழ்ந்திருக்கும். அங்கேயே வேரும் ஊன்றும். மஞ்சள் இதழ்கள் பொதுவாக நான்கு. பூவைச் சுற்றி நிற்கும் இலைகளும் நான்கு. குவாட்ரிஃபிடா என்னும் அறிவியற்பெயர் 'நான்காகப் பிளந்தது' எனப் பொருள்படும். எளிய கைக்கண்ணாடி ஒன்றிருந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு நிமிடம் போதும். இதுவும் உண்ணத்தக்க கீரையே.

இளஞ்சிவப்புப் பூவும், ஊசிபோல் உருண்ட இலையும், இலைக்கக்கத்தில் அடர்ந்த மயிரும் காணப்பட்டால் அது பைலோசா. வீட்டு வாயிலில் தொட்டிகளை நிறைக்கும் பத்துமணிப்பூ இதற்கு நெருங்கிய உறவு, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் பத்துமணி என்று விற்கப்படுவன யாவும் ஓரினம் அல்ல. தட்டையான இலையுடன், காயின் இடையில் வளையம்போல் மெல்லிய சிறகும் இருந்தால் அது அம்ப்ராட்டிகோலா என்னும் வேறினம்.

உறவின்றி ஒத்திருப்பது சாரணை. இது வேறு குடும்பத்துச் செடி. ஆயினும் 'போர்ட்டுலாக்காவைப் போன்றது' என்னும் பொருளிலேயே போர்ட்டுலாகாஸ்ட்ரம் எனப் பெயர் பெற்றது. காயும் மூடிபோலவே திறக்கும். எனவே காயை மட்டும் கண்டு முடிவு செய்தல் கூடாது. இணையிலைகளில் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சிறிதாகவும் இருக்கும். வெண்மையோ இளஞ்சிவப்போ ஆன பூ, இலைக்காம்பின் உறைக்குள் பாதி மறைந்து கிடக்கும். மஞ்சட்பூவே இதில் இல்லை. இளந்தளிரைச் சமைப்போர் உண்டு; முற்றியதை உண்டால் வயிற்றுப்போக்கு நேரும் என்பர்.

இச்செடிகளில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ணலாம். தொடர்வண்டிப் பாதையோரம் களைக்கொல்லி தெளிக்கப்படும் இடமாதலால், அங்கு வளர்வனவற்றை நடைமேடையில் நின்று காண்பதோடு நிறுத்திக்கொள்க. பறித்துப் பார்ப்பதற்குப் பள்ளித் தோட்டத்துச் செடிகளே ஏற்றவை.