கம்பத்தடியில் ஒரு மெத்தை

தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்ததும், மாடியில் இருக்கும் வீரர்கள் கம்பத்தைப் பற்றிச் சறுக்கி இறங்குவதைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். இந்த முறை 1878-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தது. கறுப்பின வீரர்கள் பணிபுரிந்த 21-ஆம் எண் நிலையத்தில், கேப்டன் டேவிட் கென்யன் மரக்கம்பம் ஒன்றை நாட்டினார். 1880-ல் பாஸ்டன் நகரில் பித்தளைக் கம்பம் வந்தது.

வேகம் கூடியது, கூடவே கணுக்காலும் முழங்காலும் அடிபட்டன. அதற்குப் பரிகாரமாக வந்ததுதான் கம்பத்தடியில் போடும் ரப்பர் மெத்தை. 1 சென்டிமீட்டரில் சட்டென்று நிற்கும் உடம்பு, 5 சென்டிமீட்டர் அமுங்கி நின்றால், காலில் ஏறும் அதிர்ச்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். ஆனாலும் சறுக்கும்போதே தொடையாலும் காலாலும் கம்பத்தை இறுக்கி வேகத்தைத் தணித்தாக வேண்டும். மெத்தை நைந்தால் மாற்றியாக வேண்டும். விபத்துக்கு அஞ்சிக் கம்பத்தையே கைவிட்ட நிலையங்களும் பல உண்டு.

சித்திரபுரம், பள்ளிவாசல் பக்கம் தேயிலை மூட்டை ஏற்றிவிட்டு, லாரியிலிருந்து கட்டாந்தரையில் குதிக்கும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். குதிக்காமல் பிடித்து இறங்குங்கள். குதிக்க நேர்ந்தால் முழங்காலை மடக்கி ஊன்றுங்கள். மடங்கும் முழங்காலும் ஒரு மெத்தைதான். ஊரைக் காப்பவருக்கும் குடும்பத்தைக் காப்பவருக்கும் முதலில் கால் நன்றாக இருக்க வேண்டும்.