ஒரு கண்ணின் குறையை மறைக்கும் மறு கண்

பார்வைக் குறையோடு வளரும் குழந்தை பெரும்பாலும் அதைப் பற்றி முறையிடுவதில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் உலகம் மங்கலாகவே தெரிந்திருப்பதால், எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது எண்ணிக்கொள்கிறது. குறை இரு கண்களிலும் இருந்தால், தொலைக்காட்சியை ஒட்டி உட்காருவது, கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, கரும்பலகையில் உள்ளதைப் பக்கத்து மாணவனின் நோட்டைப் பார்த்து எழுதுவது போன்ற பழக்கங்கள் என்றாவது பெற்றோரின் கவனத்துக்கு வந்துவிடும். குறை ஒரு கண்ணில் மட்டும் இருந்துவிட்டாலோ, நல்ல கண்ணே எல்லா வேலையையும் ஏற்றுக்கொள்வதால், குழந்தை தடையின்றி ஓடியாடுகிறது, படிக்கிறது, வீட்டில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

மருத்துவர்கள் ஆம்பிளியோபியா என்றும் மற்றவர்கள் சோம்பேறிக் கண் என்றும் சொல்லும் குறை பெரும்பாலும் இவ்வாறு ஒளிந்துதான் வளர்கிறது. கண்ணின் உட்புறத் திரையான விழித்திரையில் விழும் பிம்பத்தைப் படித்தறிவது மூளையின் பின்பகுதி. அந்தத் திறன் பிறவியிலேயே முழுமையாக அமைந்துவிடாமல், இரு கண்களிலிருந்தும் தெளிவான பிம்பங்கள் வந்துகொண்டிருந்தால் மட்டுமே முதல் ஏழெட்டு ஆண்டுகளில் படிப்படியாக வளர்கிறது. இரு கண்களின் பவரும் பெரிதும் வேறுபட்டாலோ, ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலோ, பிறவிக் கண்புரை ஒளியை மறைத்தாலோ, மங்கலான பிம்பத்தை அனுப்பும் கண்ணை மூளை புறக்கணிக்கத் தொடங்கிவிடும். டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்னும் அறிவியலாளர்கள் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண் இமையைத் தைத்து மூடி, சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, மூளையின் பார்வைப் பகுதியில் இருந்த செல்கள் அந்தக் கண்ணுக்கு ஏறக்குறைய பதிலளிக்கவேயில்லை. வளர்ந்த பூனைகளில் இத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. பார்வை குறித்த ஆய்வுகளுக்காக இருவரும் 1981இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பார்வைத் திறன் வளரும் முதல் ஏழெட்டு ஆண்டுகள் என்னும் இந்தக் காலக்கெடுவை அறியாமல் இழக்கப்படும் ஆண்டுகள்தாம் மிகுதி. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது அந்தக் குழந்தைக்கு எந்த நன்மையையும் செய்ததில்லை. பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே என்றாலும், அதற்குப் பிறகும் விலகல் தொடர்ந்தால் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. அது கண்புரையாகவோ, விழித்திரையில் தோன்றும் ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் புற்றுநோயாகவோ இருக்கலாம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தை ஒரு பொம்மையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒவ்வொரு கண்ணாகக் கையால் மறைக்க வேண்டும். ஒரு கண்ணை மறைக்கும்போது பொருட்படுத்தாத குழந்தை, மறு கண்ணை மறைத்ததும் கையைத் தட்டிவிட்டு அழுதால், திறந்திருக்கும் கண்ணில் பார்வை குறைவாக இருக்கக்கூடும். பள்ளிப் பரிசோதனையில் விரலிடுக்கு வழியே எட்டிப் பார்ப்பதும், முன்னால் நின்றவன் படித்த வரியை மனப்பாடமாக ஒப்பிப்பதும் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை என்பதால், உள்ளங்கையைக் குவித்துக் கண்ணை முழுவதும் மூடச் செய்து சோதிப்பது அவசியம். எழுத்தறியாக் குழந்தைக்குக் கண்ணாடி பவர் பார்க்க முடியாது என்பதும் தவறு. சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, உள்ளே செலுத்தும் ஒளி திரும்பி வரும் விதத்தைக் கொண்டு கைக்குழந்தைக்கும் அதைக் கணிக்கலாம்.

சிகிச்சையின் முதற்படி பெரும்பாலும் சரியான கண்ணாடி. அது போதாதபோது, நல்ல கண்ணை ஒட்டுப்பட்டையால் மூடி, குறையுள்ள கண்ணைப் பார்க்கவைக்கிறார்கள். நடுத்தர அளவிலான குறைக்கு நாளொன்றுக்கு 2 மணி நேரம் மூடுவதே 6 மணி நேரம் மூடுவதற்கு இணையான பலனைத் தருவதாக 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. பட்டையைப் பிய்த்தெறியும் பிள்ளைகளுக்கு, நல்ல கண்ணைத் தற்காலிகமாக மங்கச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்து மாற்றாகிறது. ஏழு வயதைக் கடந்த பிள்ளையின் பெற்றோர் காலம் போய்விட்டதென்று கைவிட வேண்டியதில்லை. பலன் குறைவாக இருக்கலாமே தவிர, பன்னிரண்டு வயது வரையிலும், முன்பு சிகிச்சையே பெறாதவர்களில் சிலருக்கு அதற்கு மேலும் பார்வை மேம்பட்டிருக்கிறது.