பரணில் கிடந்த சலங்கை

எனக்கு வயது 63. சின்ன வயசில் பரதநாட்டியம் கற்றவள். பெண் பார்க்க வந்தவர்கள், "கல்யாணத்துக்கு அப்புறம் ஆட்டமெல்லாம் வேண்டாம்" என்றார்கள். அப்பாவும் தலையாட்டிவிட்டார். சலங்கை பரணுக்குப் போனது.

இரண்டு வருடங்களுக்கு முன் மகளின் பிரசவத்துக்காக ஜெர்மனி போயிருந்தேன். குழந்தை தூங்கிய நேரத்தில், "அம்மா, உனக்குப் பிடிக்கும், பாரு" என்று மகள் ஒரு படம் போட்டுக் காட்டினாள். பினா பாஷ் என்ற நடன ஆசிரியையைப் பற்றி 2011-ல் வந்த படம் அது.

உணவு விடுதி நடத்தியவர்களின் மகளாக 1940-ல் பிறந்தவர் பினா. 14 வயதில் எஸ்ஸன் நகர நடனப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க்கிலும் படித்தார். 1973-ல் வுப்பர்டால் நகர நடனக் குழுவின் பொறுப்பை ஏற்றார். நடனத்தையும் நாடகத்தையும் கலந்து அவர் அமைத்ததைப் பார்த்து, ஆரம்பத்தில் பலர் கோபமாக எழுந்து போனார்களாம். அவர் அசரவில்லை.

பயம், பாசம், ஏக்கம் என்று தன் குழுவினரிடம் கேள்விகள் கேட்பாராம். அவர்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து பதிலைச் செய்து காட்ட, அதிலிருந்தே நாடகம் உருவாகுமாம்.

1978-ல் அமைத்த 'கோன்டாக்ட்ஹோஃப்' நாட்டிய நாடகத்தை, 2000-ல் 65 வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர்களை ஆட வைத்து மறுபடி மேடையேற்றினார். அவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் இல்லை. 2008-ல் பதின்வயதுப் பிள்ளைகள் அதையே ஆடினார்கள். மறு வருடம் பினா புற்றுநோயால் காலமானார்.

படத்தில் அந்த முதியவர்கள் நரைத்த தலையோடு ஆடியதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் சலங்கையை இறக்கினேன். "இந்த வயசுல விழுந்து வச்சா யாரு பாக்கறது?" என்றார் கணவர். அவர் கவலையும் நியாயம்தான். முழங்கால் வலியில் அரைமண்டி வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அபிநயம் பிடித்தேன். கை மறக்கவில்லை!

இப்போது எங்கள் குடியிருப்பில் அறுபதைத் தாண்டிய நாலு பேர் மாலையில் வருகிறார்கள். பினாவைப்போல நானும் கேட்டேன்: "கல்யாணமாகி வந்த முதல் நாள் எப்படி இருந்தீங்க?" ஒரு மாமி, இடுப்பில் குடத்தோடு வாசலையே பார்த்தபடி நின்று காட்டினார். எல்லோரும் மௌனமாகிவிட்டோம். அதுதான் எங்கள் முதல் காட்சி. வரும் நவராத்திரிக்கு ஆடப்போகிறோம். தினமும் நாற்காலி எடுத்துப் போடுபவர் என் கணவர்!

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஏதாவது கிடக்கிறதா? இறக்கித் தூசி தட்டுங்களேன்.

– ஒரு வாசகி, திருச்சி