இல்லமாகிய முதற் பள்ளி

பெற்றோர் தம் மக்கட்கு வைத்துச் செல்லும் பொருள்கள் பலவாம். நிலமும் மனையும் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த அளவில் மகனுடையன ஆகும். கல்வி எழுதிக் கொடுக்கத்தக்கதன்று. ஆயினும் நல்லாசிரியர்பால் விடுத்து அதனைப் பெறுவிக்கலாம். பத்திரத்தில் எழுதவும் இயலாது, பிறர்பால் விடுத்து முற்றும் பெறுவிக்கவும் இயலாது நிற்கும் செல்வம் ஒன்றுண்டு. அதுவே விசுவாசம். அஃது இறைவன் கொடை. மாந்தர் ஆக்கித் தருவதன்று. ஆயினும் வானம் மழையைப் பொழியினும் நிலத்தை உழுது பண்படுத்துவோன் உழவனே அன்றோ? அங்ஙனமே குழந்தையின் உள்ளத்தைப் பண்படுத்தும் தொழில் பெற்றோர்க்கும் அவரைப் பெற்றோர்க்கும் உரியதாம். கத்தோலிக்க இல்லங்களில் அத்தொழில் நடைபெறும் முறையைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பத்தொன்பது ஆண்டே நிரம்பிய ஒருவன் பெற்றோர்க்கும் பாட்டன் பாட்டியர்க்கும் வழி கூறப் புகுதல் மிகையன்றோ எனப் பெரியோர் நகுதல் கூடும். யான் கூறப் புகுவது அறிவுரையன்று, சான்று. குழந்தைப் பருவத்தை அண்மையிற் கடந்தவன் ஆதலின், எது எம் உள்ளத்தில் வேரூன்றியது, எது ஒட்டாது உதிர்ந்தது என்பது எனக்கு இன்னும் நினைவில் உளது. அந்நினைவு மங்குமுன் அதனை எழுதிவைத்தல் நன்றெனத் துணிந்தேன்.

முதற்கண், இக்கடமை யாருடையது என வினவுவோம். ஞாயிறுதோறும் பிள்ளைகளை ஞானோபதேச வகுப்புக்கு அனுப்பிவிட்டால் தம் கடன் தீர்ந்தது எனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். பூசைக்கு ஒரு மணியும் வகுப்புக்கு ஒரு மணியும் கழிப்பின், எஞ்சுவன 166. இரண்டு மணியிற் கேட்டதனை நூற்றறுபத்தாறு மணியிற் காணாத குழந்தை, எதனை நம்பும்? குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் சடங்கிலேயே இவ்வினாவுக்கு விடை அமைந்துள்ளது. குருவானவர் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தபின், பெற்றோரையும் ஞானப் பெற்றோரையும் அழைத்து அவ்வாறே வரையச் செய்கின்றார். பாஸ்காத் திரியினின்று ஏற்றிய ஒளியும் அவர்களிடமே ஒப்புவிக்கப்படுகின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் வெளியிட்ட திருச்சபை பற்றிய சாசனமும், குடும்பத்தை ஓர் இல்லத் திருச்சபையாகக் கண்டு, சொல்லாலும் ஒழுக்கத்தாலும் மக்கட்கு விசுவாசத்தை முதன்முதல் அறிவிப்போர் பெற்றோரே என உரைக்கின்றது. 1910-ஆம் ஆண்டில் பத்தாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர், ஏறக்குறைய ஏழு வயதிலேயே குழந்தைகள் புதுநன்மை பெறலாம் என ஆணையிட்டபோது, குழந்தை அதற்குத் தகுதியுற்றதா என்று துணியும் பொறுப்பைப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவுக்கு மட்டுமன்றிப் பெற்றோர்க்கும் உரியதாக்கினார்.

தமிழராகிய நமக்கு இது புதுமையன்று. மகனைக் கற்றோர் அவைக்குத் தகுதியுடையன் ஆக்குதலே தந்தை செய்யும் உதவி என வள்ளுவர் கருதினார். வீரமாமுனிவர் இயற்றிய தேம்பாவணியின் தலைவனும் அரசன் அல்லன். வளன் என்னும் தச்சன். 3 காண்டமும் 36 படலமுமாக விரிந்த அப்பெருங்காப்பியத்தின் நடுவே நிற்பது ஓர் எளிய குடும்பமே. இல்லற வாழ்வே இறைவாழ்வின் விளைநிலம் என்பதற்கு நம் மொழியில் இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி வரலாற்றை நோக்குவோம். அர்ச்சியசிஷ்ட சவேரியார் 1542-ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்குள்ள பரதவர் சில ஆண்டுகட்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் அவர்க்குப் போதிப்பார் இலர். சவேரியார்க்கோ தமிழ் தெரியாது. அவர் தமிழறிந்தோர் துணைகொண்டு விசுவாச மந்திரத்தையும் ஏனைய செபங்களையும் தமிழில் ஆக்குவித்து மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் மணி ஏந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை ஒன்றுகூட்டிக் கற்பித்தார். கற்ற சிறுவரைத் தத்தம் இல்லம் சென்று தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு ஏவினார். பிணியாளர் அழைத்த இடங்கட்குத் தாம் செல்ல இயலாதபோது, செபம் அறிந்த சிறுவரை அனுப்பினார். இவையனைத்தும் அவர் 1544-ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தால் அறியப்படுவன. அவர் அடிச்சுவட்டில் வந்த அண்டிரிக் அடிகளார் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடுவித்த தம்பிரான் வணக்கம் என்னும் 16 பக்கச் சிறு நூலும் செபங்களும் போதனையும் அடங்கியதே. இந்திய மண்ணில் இந்திய மொழியின் எழுத்தால் அச்சேறிய முதல் நூலாக இன்று நமக்குக் கிடைப்பது, ஒரு குழந்தை மடியில் வைத்துக் கற்கத்தக்க அளவினது என்பதை எண்ணுந்தோறும் எனக்கு உவகை மிகுகின்றது.

அதே சவேரியார் 1549-ஆம் ஆண்டில் சப்பான் நாட்டுக் காகோசிமாவில் இறங்கினார். அவர் ஊன்றிய விதை தழைத்து வருங்கால், 1614-ஆம் ஆண்டில் நாடெங்கும் கிறிஸ்து மறை தடுக்கப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டனர்; அல்லது துரத்தப்பட்டனர். இருநூறு ஆண்டுகட்கு மேலாக அங்குப் பூசையில்லை, கோயில் இல்லை, மறைநூலைக் கையில் வைத்திருத்தலும் உயிர்க்கு இறுதியாம். 1865-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள், நாகசாகியில் வெளிநாட்டவர்க்கெனப் புதிதாக எழுந்த கோயிலில் பெத்திழான் என்னும் பிரெஞ்சுக் குரு நின்றார். அப்போது உராக்காமி என்னும் சிற்றூரினின்று சிலர் வந்து, தம் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என மெல்ல உரைத்து, தேவமாதாவின் சுரூபம் எங்கே எனக் கேட்டனர். ஏழு தலைமுறையளவும் அவர்கள் குழந்தைகட்குத் தாமே திருமுழுக்கு அளித்து, திருநாட்களைக் கணக்கிட்டுப் போற்றி, செபங்களை வாய்மொழியாகவே காத்து வந்தனர். அந்நெடுங்காலம் அங்கே கோயிலாய் நின்றது யாது? அடுப்பங்கரையே. உபதேசியாராய் நின்றோர் யாவர்? தாயரும் பாட்டியரும் தந்தையரும் பாட்டன்மாருமே. குருவில்லாதபோதும் இல்லம் விசுவாசத்தைக் காத்தது. இல்லம் உறங்கினாலோ, அருகிலேயே ஆயிரம் கோயில்கள் இருந்தும் குழந்தைக்கு ஆவதென்ன?

நிற்க. இக்காலத்துப் பெற்றோர் செய்யத்தக்கன யாவை? யான் கண்டனவற்றுள் சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவது, குழந்தை கேட்பதினும் காண்பதையே கற்கும். எம் தந்தையார் கடல் தொழில் செய்பவர், பேச்சுக் குறைந்தவர். அவர் எமக்கு மறையைப் பற்றி நீளப் பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் விடியுமுன் கட்டுமரம் தள்ளப் புறப்படுங்கால், இருளில் ஒரு கணம் நின்று நெற்றியில் சிலுவை வரைந்து கொள்வார். உறங்குவது போற் கிடந்து அதனை நான் பலநாட் கண்டதுண்டு. அக்கணம் எனக்குக் கற்பித்ததை எந்தப் பிரசங்கமும் கற்பிக்கவில்லை.

இரண்டாவது, குடும்ப செபம் குறுகியதாயும் நேரம் தவறாததாயும் இருத்தல் வேண்டும். நீண்ட செபம் சிறுவர்க்கு உறக்கத்தையே தரும். ஒரு காரணமும் இடையூறாகாதபடி நாள்தோறும் நிகழும் பத்து நிமிடம், எப்போதோ நிகழும் ஒரு மணியினும் மேலாம். அப்பத்து நிமிடம் கைப்பேசிகள் ஒருபுறம் கிடக்கட்டும். முதலில் பெற்றோருடைய கைப்பேசிகள்!

மூன்றாவது, குழந்தைக்கு ஏதேனும் ஒரு பணி தருக. என் தம்பி ஐந்து வயதில் மங்கள வார்த்தை மந்திரத்தைப் பிழைபடச் சொன்னமைக்காகப் பிரம்படி பெற்றான். மறுநாள் முதல் செபவேளை வந்தால் அவனைக் காணோம். வலைக்குவியலின் பின் ஒளிந்திருப்பான். அடியால் செபம் வரவில்லை. செபத்தின்மேல் அச்சமே வந்தது. எம் பாட்டியார் ஒன்றும் பேசாது, பீடத்தின்முன் மெழுகுதிரி ஏற்றும் வேலையை அவனுக்கே உரியதாக்கினார். அவன் வாராது செபம் தொடங்காது எனவும் சொல்லிவிட்டார். அன்று தொட்டு எம்மையெல்லாம் அழைத்துக் கூட்டுபவன் அவனே ஆயினான். மந்திரமும் தானே வந்தது.

நான்காவது, திருநாட்கள். திருவருகைக் காலத்திற் குடில் கட்டுதல், தவக்காலத்தில் சிலுவைப்பாதை, நவம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி மூத்தோர் பெயரைச் சொல்லி வேண்டுதல் ஆகியன, எழுத்தறியா மழலைக்கும் எழுதப்பட்ட நூல் போல்வன. குடிலுக்கு வைக்கோல் பரப்பிய கை, பெத்லெகேமை எளிதில் மறவாது.

ஐந்தாவதே மிகவும் அரியது. குழந்தையின் கேள்விக்கு அஞ்சாமை. 2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் எம் குமரிக் கடற்கரையைத் தாக்கியது. கடல்மேற் சென்றோர் பலர் மீளவில்லை. எம் தந்தையார் அன்று கரையில் இருந்தார். அடுத்த தெருவில் எனக்கு நீச்சல் கற்பித்தவர் கடலில் இருந்தார். அவர் வரவில்லை. பல நாட்கள் கோயில் முற்றத்தில் பெண்டிர் செபமாலையும் கையுமாய்க் காத்திருந்ததை நான் கண்டேன். அப்பொழுது சிறுவனாகிய நான் வீட்டிற்கு வந்து, “அவரும் செபம் சொல்லித்தானே போனார்? பின் ஏன் வரவில்லை?” என்று கேட்டேன். வீட்டிலிருந்த உறவினர் ஒருவர், “அப்படியெல்லாம் கேட்டால் பாவம்” என்று அதட்டினார். பாட்டியாரோ என்னை அருகே இருத்தி, “எனக்கும் தெரியலையப்பா. நானும் அதைத்தான் மாதாவிடம் கேட்டுக்கிட்டிருக்கேன். வா, சேர்ந்து கேட்போம்” என்றார். அவர் விடை கூறவில்லை. ஆனால் கதவை அடைக்கவும் இல்லை. கேள்வியோடும் இறைவன்முன் மண்டியிடலாம் என்பதை அன்று கற்றேன். பின்னாளில் விடுதிக்கு வந்த முதலாண்டில், படித்தனவும் கேட்டனவும் கலக்கிச் செபத்தையே நான் விட்டிருந்த சில திங்கள்கள் உண்டு. அக்காலத்தில் என்னைத் திரும்ப அழைத்தது அந்த அதட்டல் அன்று. “எனக்கும் தெரியலையப்பா” என்ற அந்தச் சொல்லே. ஆதலின் பெற்றோர்காள்! அறியாததை அறியேம் எனக் கூற நாணற்க. பொய்விடை பெற்ற குழந்தை, வளர்ந்தபின் மெய்விடையையும் ஐயுறும்.

இனிப் பாட்டன் பாட்டியர்க்கு உரிய சிறப்பைக் கூறுவாம். தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவர் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் குடிகொண்டிருந்தது என்பதை அர்ச். சின்னப்பர் நிருபம் நினைவூட்டுகின்றது. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ், தமக்குச் செபிக்கக் கற்பித்தவர் தம் பாட்டியார் ரோசா என்று பலகாற் கூறினார். 2021-ஆம் ஆண்டில், அர்ச். சுவக்கின், அன்னம்மாள் திருநாளாகிய சூலை 26-ஐ அடுத்து, அத்திங்களின் நான்காம் ஞாயிற்றைப் பாட்டன் பாட்டியர்க்கும் முதியோர்க்கும் உரிய நாளாக ஏற்படுத்தியவரும் அவரே. பெற்றோர்க்குப் பொருளீட்டும் கவலை, முதியோர்க்கோ பொழுதுண்டு. விரைந்து செல்லும் உலகில் விரையாது கதை கூற வல்லார் அவரே. ஆனால் ஓர் எல்லையும் உண்டு. மகனோ மருமகளோ செபத்தில் தளர்ந்திருப்பின், குழந்தையின் முன்னிலையில் அவரை இகழ்தல் தகாது. அதனால் குழந்தை தாயையும் மறையையும் எதிரெதிரே நிறுத்திக் காணும். மகனின் மனமாற்றத்திற்காக நெடுங்காலம் அழுது மன்றாடிய அர்ச். மோனிக்கம்மாளை நினைமின். அகுஸ்தீனார் 354-ஆம் ஆண்டிற் பிறந்தார். திருமுழுக்குப் பெற்றதோ 387-ஆம் ஆண்டில். பேசத்தகாதபோது வேண்டுதலும், வேண்டியபின் பொறுத்தலும் முதியோரின் தவமாகும்.

தொலைவில் வாழ்வோர் யாது செய்வது? இக்கல்லூரியிற் பயின்று, இன்று வளைகுடா நாடுகளிலும் அதற்கப்பாலும் பணிபுரியும் தந்தையர் பலர் உளர். நாள்தோறும் பேசும் தொலைபேசிப் பேச்சின் முடிவில், உறங்கப்போகும் மகளோடு ஒரு பரலோக மந்திரம் சொல்லுதல் இயலாததன்று. குரல் கடல் கடக்குமாயின் ஆசியும் கடக்கும்.

எம் பாட்டியார் இன்று மிகவும் மூத்துவிட்டார். சென்ற விடுமுறையில் வீட்டிற்குச் சென்றபோது அவர் என் பெயரை அறிந்திலர். யார் மகன் எனக் கேட்டார். மாலையில் தம்பி மெழுகுதிரி ஏற்றினான். நான் மங்கள வார்த்தை மந்திரத்தின் முற்பகுதியைச் சொன்னேன். பிற்பகுதியை அவர் ஒரு சொல்லும் பிழையாது சொல்லி முடித்தார். அவர் எமக்குத் தந்ததை யாம் அவர்க்குத் திருப்பித் தரும் காலம் இது போலும்.

பெற்றோரே, பெரியோரே! நீவிர் இன்று குழந்தையின் நெற்றியில் வரையும் சிலுவை, நும் கை தளர்ந்தபின் நும் நெற்றியில் அக்குழந்தையால் வரையப்படும். அந்நாளை எண்ணி, இன்று மாலையே ஒரு திரியை ஏற்றித் தொடங்குமின். சேசு, மரி, சூசை என்னும் திருக்குடும்பம் நம் இல்லங்கள் யாவற்றையும் காத்தருள்க!