சுவருக்குள்ளே போகும் பணம்

வாடகை வீட்டைப் புதுப்பிக்கலாம் என்று முடிவு செய்ததும் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் நேராகப் போகும் இடம் டைல்ஸ் கடை. அதற்கடுத்தது பெயின்ட் கடை. வீடு பார்க்க வருகிறவர் கண்ணில் படுவது தரையும் சுவரும்தானே, வாடகை கூடுவது அதனால்தானே என்பது அவர்கள் கணக்கு. இரண்டு மழைக்காலம் போகட்டும், புது பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். ஆசையாகப் போட்ட டைல்ஸை உடைத்துத்தான் உள்ளே கசியும் பழைய குழாயைத் தேட வேண்டியிருக்கும். வாடகை வீட்டில் பெரிய வேலை எடுக்கிறவர்கள் முதல் பணத்தை மொட்டை மாடிக்கும், சுவருக்குள் ஓடும் குழாய்க்கும் ஒயருக்கும் ஒதுக்க வேண்டும். மிச்சம் இருப்பதில் டைல்ஸ் வாங்கலாம்.

சென்னையில் மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், அயனாவரம் பக்கங்களில் 1970, 80களில் கட்டிய தனி வீடுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், பின்பக்கம் கிணறோ போர்வெல்லோ. கட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. பென்ஷனோடு இந்த வாடகையும் சேர்ந்தால்தான் பலருக்கு மாதம் ஓடுகிறது. கையைக் கடிக்கும் என்று வேலையைத் தள்ளிப்போடுகிறார்கள், தள்ளிப்போடப் போட செலவு பெருகுகிறது.

முதலில் தலைக்கு மேலே பார்க்க வேண்டும். கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து கீழே விழும். சீலிங்கில் கம்பி ஓடும் போக்கிலேயே நேராக ஒரு விரிசல், பழுப்புக் கறை, தடியால் தட்டினால் வெற்றுச் சத்தம் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். கொத்தனார் வந்து தொங்குவதைத் தட்டிவிட்டு, சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்துவிட்டுப் போவார். உள்ளே துரு அப்படியே இருப்பதால் அந்தப் பூச்சும் ஒருநாள் விழும். அடியில் கட்டில் போட்டுக் குழந்தை தூங்குகிற வீட்டில் இப்படி மூடிமறைப்பதை நான் ஏற்கவே மாட்டேன். முட்டுக் கொடுத்து, இற்றுப்போன கான்கிரீட்டை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்துத் துருத்தடுப்பு பூசி, கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்த்து, அதற்கென உள்ள பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். எங்கே எவ்வளவு என்பதைக் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது.

மேலே தண்ணீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே எதைப் பூசினாலும் நிற்காது. அதற்காக மொட்டை மாடியில் பழைய தட்டோட்டின் மேலேயே புதுக் கலவை, அதன் மேல் இன்னொரு அடுக்கு என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஓர் அங்குல கனத்துக்குச் சிமென்ட் கலவையை 1,000 சதுர அடியில் பரப்பினால் ஏறக்குறைய ஐந்து டன் எடை. கம்பி இற்ற தளத்தின் தலையில் இதை ஏற்றலாமா? பழைய அடுக்கை எடுத்துவிட்டு, வாட்டம் சரிபார்த்து, தண்ணீர் நிற்காமல் குழாய்க்கு ஓடும்படி செய்த பிறகே மேல் வேலை.

அடுத்தது பாத்ரூம். இந்த வீடுகளில் போட்ட ஜி.ஐ. குழாய்கள் உப்புத் தண்ணீரில் அரித்து, உள்ளே துரு அடைத்து, விரல் கனத்துக்குத்தான் தண்ணீர் விடும். குழாயைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும்: வெந்நீருக்கு சி.பி.வி.சி., பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. என்று போடலாம். சுவரை மூடும் முன் அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். குழாய் ஓடும் பாதையை, பக்கத்தில் டேப் பிடித்து, போனில் படம் எடுத்துவையுங்கள். பின்னால் ஒருவர் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படம் உதவும். தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வாய்க்காலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும். வேலை அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தச் சோதனைதான். மேல் போர்ஷன் பாத்ரூம் ஒழுகி கீழ் போர்ஷன்காரர் சண்டைக்கு வருவதில் பாதி இங்கே தொடங்குகிறது.

ஒயரிங் வேலையில் பேரம் கூடாது. இரண்டு ஃபேன், நாலு டியூப் லைட் காலத்தில் இழுத்த ஒயரில் இன்று ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுகின்றன. ஏ.சி.க்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒழுங்கான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என இவை இல்லாத வீட்டை வாடகைக்கு விடக் கூடாது.

ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சுவரை உடைக்கச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தூண் இல்லாமல் கட்டிய பழைய வீடுகளில் 9 அங்குலச் சுவர்தான் மாடியைத் தாங்குகிறது. அதில் கை வைக்காதீர்கள்.

இனி, உள்ளே குடியிருக்கிறவர்கள். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பழுதுபார்க்க என்று நீதிமன்றம் வழியாக வீட்டைக் காலி செய்ய வைத்தால், வேலை முடிந்ததும் அதே குடித்தனக்காரருக்கு வீட்டைத் தருவதாக வீட்டுக்காரர் உறுதி கொடுக்க வேண்டியிருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்திலும், ஆளைக் காலி செய்யாமல் செய்ய முடியாத வேலை என்றால் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் திரும்பி வருவது இரு தரப்பும் ஒத்துக்கொள்வதைப் பொறுத்தது. ஆகவே, "வேலை முடிஞ்சதும் நீங்களே வந்துடுங்க சார்" என்று வாசலில் நின்று சொல்வது போதாது. எந்தத் தேதியில், என்ன வாடகைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். வேலையைக் காட்டித் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி ஆளைக் கிளப்பப் பார்ப்பதைச் சட்டம் தடுக்கிறது.

காலி செய்யச் சொல்லும்போது பல வீட்டுக்காரர்களின் தொண்டை அடைப்பது அட்வான்ஸில்தான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது நெடுநாள் வழக்கம். புதிய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், மூன்று மாத வாடகை என்கிறது. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு வாங்கிய ஒன்றரை லட்சம் எப்போதோ பெண் கல்யாணத்திலோ மருத்துவச் செலவிலோ கரைந்திருக்கும். வேலைக்கான பட்ஜெட்டில் முதல் வரியாக எழுத வேண்டியது அந்தத் தொகை. அதற்கு வழி செய்யாமல் கடப்பாரையைத் தூக்கக் கூடாது.

ஆளை வைத்துக்கொண்டே செய்யலாம் என்றால் பாத்ரூமை ஒவ்வொன்றாகத்தான் உடைக்க வேண்டும். எந்த நாள், எந்த நேரம் தண்ணீர் நிற்கும் என்று முந்தின நாளே சொல்ல வேண்டும். தூசியிலும் சத்தத்திலும் வாழ்கிற அந்த மாதங்களுக்கு வாடகையைக் குறைத்துக்கொள்வதுதான் நியாயம். வயதானவர்களோ ஆஸ்துமாகாரர்களோ இருந்தால் அவர்கள் வேறு வீட்டுக்குப் போவதே நல்லது.

காலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பொங்கல் முடிந்து வேலை தொடங்கினால் மாடி வேலையை மழை இல்லாத மாசி, பங்குனியில் முடிக்கலாம். பள்ளி மாறுகிற குடும்பங்கள் வீடு தேடுவது ஏப்ரல், மே மாதங்களில். ஆனியைத் தாண்டினால் ஆடி வந்துவிடும், ஆடியில் பால் காய்ச்ச வருகிறவர்கள் குறைவு. ஜூன் கடைசியில் முடிய வேண்டியது ஒரு மாதம் இழுத்தால் வீடு ஆவணி வரை பூட்டியே கிடக்கும்.

மூன்று லட்சம் செலவழித்து வாடகையை மாதம் 3,000 கூட்டினால், போட்டது திரும்ப 100 மாதம், எட்டு வருஷத்துக்கு மேல். வேலை நடக்கும் மூன்று மாதமும் வீடு காலி என்றால் இன்னொரு 45,000 கணக்கில் சேரும். வருமான வரியிலும், வாடகையில் 30 சதவீதக் கழிவு எல்லோருக்கும் உள்ளதுதான். நீங்கள் செலவழித்ததைத் தனியாகக் கழிக்க முடியாது. ரிப்பேருக்கு வாங்கிய கடனின் வட்டிக்குக் கழிவு உண்டு, எனவே கடன் பத்திரங்களைப் பத்திரப்படுத்துங்கள். உள்ளே இருக்கிறவரோடு முன்கூட்டியே எழுதிக்கொண்டு வீட்டை மேம்படுத்தினால் ஒத்துக்கொண்ட அளவு வாடகையை உயர்த்தலாம் என்கிறது சட்டம். ஆனால் குழாயும் ஒயரும் மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது எல்லாம் வீட்டுக்காரர் கடமை என்று அதன் அட்டவணையிலேயே இருக்கிறது. இந்த எட்டு வருஷத்தில் பாத்ரூமை இன்னொரு தடவை உடைக்க நேர்ந்தால் கணக்கு மொத்தமும் கவிழும்.

மேஸ்திரியிடம் "மொத்தமா இவ்வளவு" என்று பேசி முடிக்காமல், எந்தக் குழாய், எந்த ஒயர், எத்தனை சதுர அடி, இடிபாட்டை யார் அள்ளுவது என்று தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இடிபாட்டைத் தெருவில் கொட்டினால் மாநகராட்சி அபராதம் போடும். பணத்தை வாரக் கணக்கில் கொடுக்காமல் முடிந்த வேலைக்குக் கொடுங்கள்: மாடி முடிந்ததும் இவ்வளவு, குழாய் சோதனை முடிந்ததும் இவ்வளவு. பத்தில் ஒரு பங்கைக் கார்த்திகை வரை நிறுத்திவைப்பதாக முதல் நாளே சொல்லிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஒரு சுற்று கொட்டி ஓய்ந்ததும் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு, குடிவந்தவரிடம் நேரம் கேட்டுப் போய், ஒவ்வொரு அறையின் சீலிங்கையும் பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே, மீதியைக் கொடுத்துவிடுங்கள்.