ஆய்வகத்துக்கு எந்தக் கண்ணாடி?

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணி வாக்கில் புதுக்கோட்டை வானில் சூரியன் ஒரு வளையமாக மாறியது. கங்கண கிரகணத்தின் பாதை கோவை, ஈரோடு, கரூர், திருச்சி வழியாக வந்து நம் மாவட்டத்தையும் கடந்து கடலுக்குப் போனது. அதற்குப் பல நாள் முன்பிருந்தே அறிவியல் ஆசிரியர்களும் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது, அதற்கென்று உள்ள கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள்.

எப்போதோ ஒரு முறை வரும் கிரகணத்துக்கு இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், வாரந்தோறும் நடக்கும் வேதியியல் செய்முறை வகுப்புக்கு ஏன் இப்படி இருப்பதில்லை? பல பள்ளிகளில் பிளஸ் டூ மாணவர்கள் அடர் கந்தக அமிலத்தை வெறுங்கண்ணோடுதான் கையாளுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த ஆய்வகத்துக்குக் கண்ணாடி வாங்கப்போகும் ஆசிரியருக்கும், அதைக் கேட்டுப் பெற வேண்டிய பெற்றோருக்கும்.

வாங்கும் முன் எதிலிருந்து கண்ணைக் காக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒளி, தெறிக்கும் துண்டு, தெறிக்கும் திரவம் மூன்றும் மூன்று வகை ஆபத்துகள். ஒன்றுக்கான கண்ணாடி இன்னொன்றுக்கு ஆகாது.

கிரகணக் கண்ணாடி ஒளிக்கானது. சூரிய ஒளியில் மிக மிகச் சிறிய பங்கை மட்டுமே உள்ளே விடும். வெல்டிங் கண்ணாடியும் அதே இனம்தான்; ஐ.டி.ஐ. வெல்டர் பிரிவில் அதற்கான எண்ணைப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். துண்டு தெறிக்கும் ஆபத்தைப் புதுக்கோட்டைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்கள் குழுக்கள் கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக் காட்டிய மாவட்டம் இது. சம்மட்டி அடிக்கும் இடத்தில் சில்லு எப்படிப் பறக்கும் என்று பல வீடுகளில் தெரியும். அங்கே தேவை, உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி, பக்கவாட்டில் மறைப்போடு. பள்ளியில் கண்ணாடிக் குழாயை அறுக்கும்போதும், கம்பிச்சுருளை இழுத்து எடை தொங்கவிடும்போதும் அதுவே போதும்.

வேதியியல் ஆய்வகத்தில் ஆபத்து திரவத்தில் இருக்கிறது. உப்பைப் பகுப்பாய்வு செய்யும் பையன் கார்பனேட்டில் அமிலத்தை ஊற்றியதும் அது பொங்கி நுரைக்கும். நுரை உடையும்போது நுண்துளிகள் சோதனைக் குழாயின் வாய்க்கு மேலே எழும். நிறம் மாறுகிறதா என்று அவன் குனிந்து பார்ப்பதும் அதே நேரத்தில்தான். பழுப்பு வளையச் சோதனையில் குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவர் ஓரமாக மெல்ல இறக்க வேண்டும். கை நடுங்கினாலோ பக்கத்தில் நிற்பவன் இடித்தாலோ அமிலம் சட்டென்று கலந்து, சூடேறித் தெறிக்கும். அது எதிர் மேசையில் நிற்கும் பிள்ளையின் கண்ணிலும் படலாம். அதனால் சோதனை செய்பவர் மட்டும் கண்ணாடி அணிந்தால் போதாது. கடைசி பர்னர் அணைந்து, கடைசிக் குழாய் கழுவப்படும் வரை அறையில் உள்ள அத்தனை பேரும் அணிந்திருக்க வேண்டும், ஆசிரியர் உட்பட.

அமிலத்துக்குப் பயப்படுகிற நாம் காரத்துக்குப் பயப்படுவதில்லை. கண்ணைப் பொறுத்தவரை காரம்தான் கொடியது. அமிலம் பட்டதும் கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் உறைந்துபோகும். அந்த உறைந்த படலமே அமிலம் மேற்கொண்டு உள்ளே போவதை ஓரளவு தடுக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற காரம் அப்படி நிற்காது. கொழுப்பைக் கரைத்துக்கொண்டு கருவிழியைத் துளைத்து உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு தெறித்துக் குழந்தைகளின் கருவிழி வெளுத்துப்போவதும் இதனால்தான். டைட்ரேஷன் செய்யும்போது பியூரெட்டை நிரப்ப அதைத் தலைக்கு மேல் தூக்கிப்பிடித்து ஊற்றுகிற பழக்கம் நம் ஆய்வகங்களில் உண்டு. உள்ளே இருப்பது நீர்த்த காரம் என்றாலும் நேராகக் கண்ணில் விழும் உயரம் அது.

ஆகவே வேதியியலுக்குத் தேவை முகத்தோடு ஒட்டி, கண்ணைச் சுற்றிலும் மூடும் காகிள்ஸ். ஹார்டுவேர் கடையில் கிரைண்டிங் வேலைக்கென்று விற்கும் கண்ணாடியும், பைக் ஓட்டப் போடும் கண்ணாடியும், பவர் கண்ணாடியும் இதற்கு ஈடாகாது. நெற்றி வழியாக வழியும் துளி அவற்றின் மேல்விளிம்பு இடைவெளியில் உள்ளே போய்விடும்.

காகிள்ஸிலும் ஒரு வேறுபாடு பார்க்க வேண்டும். வியர்வை தேங்காமலிருக்கச் சுற்றிலும் காற்றுத் துளைகள் வைத்திருப்பார்கள். சிலவற்றில் வெறும் துளைகள் மட்டும் இருக்கும்; தூசிக்குப் பரவாயில்லை, திரவம் நேரே உள்ளே போகும். வேறு சிலவற்றில் துளைகளின் மேல் சிறு மூடி இருக்கும். காற்று வளைந்து போகும், துளி போகாது. கடையில் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். துளை வழியாக மறுபக்கம் நேராகத் தெரிந்தால் வேதியியல் ஆய்வகத்துக்கு அது வேண்டாம்.

அடுத்து, ஃபிரேமில் அச்சிட்டிருக்கும் குறியைப் படியுங்கள். ஐரோப்பியத் தரமான ஈ.என். 166-இன்படி ஃபிரேமில் 3 என்ற எண் இருந்தால் திரவத் துளிகளைத் தடுக்கும் என்று பொருள்; 4 என்பது பெருந்தூசிக்கு. அமெரிக்கத் தரத்தில் இசட் 87 என்ற குறியோடு டி3 என்று இருக்கும். நம் நாட்டில் கண் பாதுகாப்புச் சாதனங்களுக்கான தரம் ஐ.எஸ். 5983. எந்தக் குறியும் இல்லாத காகிள்ஸ் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பவர் கண்ணாடி போடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேலை செய்தால் பியூரெட்டின் அளவுக்கோடு தெரியாது. கழற்றாமல் இருந்தால் சாதாரண காகிள்ஸ் மேலே உட்காராது. அவர்களுக்காகக் கண்ணாடிக்கு மேலேயே அணியக்கூடிய அகலமான காகிள்ஸ் சிலவற்றைச் சேர்த்து வாங்க வேண்டும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம் சிறியது. பெரியவர்கள் அளவு அவர்களுக்குக் கன்னத்தில் இடைவெளி விடும். வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று முகங்களில் போட்டுப் பார்ப்பது நல்லது.

பிள்ளைகள் காகிள்ஸைக் கழற்றுவதற்கு முதல் காரணம் பனி படிவது. பர்னர் எரியும்போது மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். நம் ஊர் வெயிலில் வியர்வை கொட்டுகிறது, ஐந்து நிமிடத்தில் எதுவும் தெரிவதில்லை. அவர்களைத் திட்டிப் பயனில்லை. பனி படியாத பூச்சுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பூச்சு உள்பக்கம் இருக்கும். கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தால் போய்விடும். சோப்புத் தண்ணீரில் அலசி, உதறி, நிழலில் உலர்த்தினால் நெடுநாள் நிற்கும். அசிட்டோனால் துடைத்தால் பாலிகார்பனேட்டே கெட்டுவிடும்.

ஒரு பேட்ச் கழற்றியதை அடுத்த பேட்ச் அணிவதுதான் நடைமுறை. மெட்ராஸ் ஐ பரவும் காலத்தில் அதுவே வினையாகும். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் சோப்பில் கழுவுவதைச் செய்முறையின் ஒரு பகுதியாக்கிவிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது கண்ணில் பட்டால் உடனே தண்ணீர். இமையை விரல்களால் விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். காரமென்றால் இன்னும் நீண்ட நேரம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சொட்டு மருந்து எதுவும் வேண்டாம். அமிலத்துக்குக் காரம் விட்டு முறிக்கவும் கூடாது. மணமேல்குடியிலிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கே என்ன சிகிச்சை நடந்தாலும், பள்ளியில் கழுவிய அந்த 15 நிமிடம்தான் பார்வையைத் தீர்மானிக்கும். கரண்ட் போய் மோட்டார் ஓடாத நாளுக்காக ஆய்வக மூலையில் ஒரு டிரம் நிறைய நல்ல தண்ணீரும் ஒரு குவளையும் இருக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது எந்த ரசாயனம் என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

தரமான காகிள்ஸ் ஒன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வகுப்பில் உள்ள எல்லோருக்கும் வாங்க வேண்டியதில்லை. ஒரு பேட்ச் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும், கூடவே ஆய்வக உதவியாளருக்கும் போதும். பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ பள்ளி மேலாண்மைக் குழுவிலோ வைத்தால் எழும்பாத தொகை அல்ல. ஜூன் மாதமே வாங்கிவிடுங்கள். செய்முறைத் தேர்வு நெருங்கும்போது புதிதாக அணியச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது இடைஞ்சலாகத்தான் தெரியும். முதல் டைட்ரேஷனிலிருந்தே அணிந்தால் கைக்கும் கண்ணுக்கும் பழகிவிடும். கீறல் விழுந்து மங்கியதையும், எலாஸ்டிக் தொய்ந்ததையும் ஆண்டுக்கொரு முறை எடுத்துக் கழித்துவிட்டு, அத்தனை எண்ணிக்கை புதிதாக வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.