கந்தலும் கலையாகும்

கிழிந்த துணியைக் கந்தலென ஒதுக்குவது உலக வழக்கு. ஒட்டுத்தையற் கலைஞர்க்கோ அது வாழ்ந்த வாழ்வின் சுவடு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், மிசூரி பெட்வே என்னும் மாது, மறைந்த கணவரின் வேலையுடைகளை வெட்டி இணைத்து 1942இல் ஒரு போர்வை தைத்தார். அவரை நினைந்து அன்போடு போர்த்திக்கொள்வதே நோக்கம். அவ்வூர்ப் பெண்டிரின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் ஓவியங்களென வைக்கப்பெற்றன.

நம் விசுவமடுவுக்கும் இச்செய்தி உரியதே. 2009ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் வீடுவாசல் துறந்து இடம்பெயர்ந்தனர். மறைந்தவரின் சேலையோ சாரமோ எஞ்சிய இல்லத்தில் அதுவே பெருஞ்செல்வம். பெட்டியில் பூட்டிவைத்தால் பூச்சி அரிக்கும். ஊசியும் நூலும் கொண்டு இணைத்தால், சட்டையாகவோ போர்வையாகவோ பேரப்பிள்ளையின் தோளைத் தழுவும். இதற்குப் பொருட்செலவு வேண்டா, பொறுமையே போதும்.